மணி அடிக்காத தொண்ணூறு நாள்

"எங்க வீட்டு அவிய என்னய வையவே மாட்டேங்காவ சார்" என்று பூரணம் சொன்னதும் இசக்கிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னே, வராதா? தூத்துக்குடிப் பேச்சு மையத்துக்கு வருகிற புகார்கள் எல்லாம் இதற்கு நேர்மாறானவை. பட்டை கழுத்தை உறுத்துது, சத்தம் பத்தல, பேரப்பிள்ளைங்க முன்னால கெட்ட வார்த்தை பேசுதாரு அதை மட்டும் அடைக்க முடியுமா, இப்படி. புருஷன் திட்டவில்லை என்று ஒருத்தி ஆடி மாத வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

பூரணத்தின் புருஷன் சுடலைமணி உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். பக்கவாதத்தில் வாய் போய் மூன்று வருஷம். இப்படிப் பேச்சுப் போன நாற்பத்துமூன்று பேர் அந்த மையத்தின் கணக்கில் இருந்தார்கள். மனிதன் பேச நினைத்ததும் மூளையிலிருந்து தொண்டைக்கு ஒரு கட்டளை கிளம்புகிறது அல்லவா? தொண்டை கேட்காவிட்டாலும் கட்டளை கிளம்பத்தான் செய்யும். அதைக் கழுத்தில் கட்டிய பட்டை பிடித்து மையத்துக்கு அனுப்பும். அங்கே பீரோ உயரத்துக்கு நிற்கும் கணினி அதை வார்த்தையாக்கித் திருப்பி அனுப்ப, அந்த ஆளின் பழைய குரலிலேயே பட்டை பேசும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். மதுரைக்கும் சென்னைக்கும் போய்த் திரும்ப அவகாசம் கிடையாது என்பதால்தான் ஊருக்கு ஊர் ஒரு பீரோ. தூத்துக்குடி பீரோவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இசக்கிராஜ்.

"வயசாச்சுல்லாம்மா, கோவம் கொறைஞ்சிருக்கும். சந்தோசப்படுங்க" என்றான்.

பூரணம் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "கேளுங்க சார். முப்பத்தஞ்சு வருசமா உப்பு பத்தல, உப்பு கூடன்னு சொல்லாம அவிய ஒரு வாய் சோறு திங்கல. உப்பளத்து ஆளுல்லா. இப்ப மூணு மாசமா எது வச்சாலும் 'நல்லா இருக்கு'ங்காவ. எனக்கு என்னமோ போல இருந்துச்சு. முந்தாநாள் கொழம்புல உப்பே போடல. 'நல்லா இருக்கு பூரணம்'னாவ. நேத்து ரெண்டு கை அள்ளிப் போட்டேன். என்னாலயே வாயில வைக்க முடியல. அதுக்கும் 'நல்லா இருக்கு பூரணம்'."

"நாக்கு மரத்துப் போயிருக்கும்."

"கண்ணு மரத்துப் போகலியே! வாய் நல்லா இருக்குங்கு, கண்ணு என்னய எரிக்கிற மாரி முறைக்கி. கையால தட்டைத் தள்ளி விடுதாவ, அப்பமும் வாய் நல்லா இருக்குங்கு. சார், அவியளுக்குள்ள வேற யாரோ இருந்து பேசுத மாரி இருக்கு."

பார்த்துச் சொல்வதாக அவளை அனுப்பி வைத்தான். பார்க்கிற உத்தேசம் ஒன்றும் பெரிதாக இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கேடயத்தைப் பார்த்தபடி டீயை உறிஞ்சினான். 'அமைதிக் கேடயம்' என்று அதற்குப் பெயர். அந்த மாதத்தில் எந்த மையத்தில் எச்சரிக்கை மணி மிகக் குறைவாக அடித்ததோ அந்த மையத்துக்கு மதுரைத் தலைமையகம் கொடுப்பது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் தூத்துக்குடிக்குத்தான். திரையில் 'எச்சரிக்கைகள்: பூஜ்யம்' என்று பச்சையில் எழுதியிருந்தது.

அப்புறம், டீ குடித்து முடிக்கிற வரைக்கும் வேறு வேலை இல்லாததால், வெப்ப வரைபடத்தைத் திறந்தான். அதை அவன் திறந்து அரை வருஷம் இருக்கும்.

கோடு தொண்ணூற்றொரு டிகிரியில் இருந்தது. இருந்தது என்றால், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. கணினியின் சூடு பேசுகிற ஆட்களைப் பொறுத்து ஏறும், இறங்கும். காலையில் ஏறும், மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது இறங்கும். இது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். ஆனி, வைகாசி, சித்திரை என்று போய்க்கொண்டே இருந்தது. சித்திரை இரண்டாம் தேதி மத்தியானம் தொண்ணூற்றொன்றைத் தொட்ட கோடு அதற்குப் பிறகு அசையவே இல்லை. அடியில் இன்னொரு கோடு, மின்னழுத்தம். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பத்தே முக்கால்.

டீ அப்படியே ஆறிப்போயிற்று.

மதுரையில் மேலாளர் ஹெப்சிபாவைக் கூப்பிட்டான். அந்தம்மா வரைபடத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தாள்.

"எச்சரிக்கை எல்லையை எங்க வச்சிருக்கீங்க இசக்கிராஜ்?"

"நூறுல மேடம்."

"எதுக்கு நூறு?"

"கணினிச் சில்லு மேல உச்ச வரம்பு நூறுன்னு போட்டிருந்துது..."

"அது சில்லு செத்துப் போற சூடு. சாகுற அன்னிக்கு மணி அடிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? அதுக்கு முன்னாடியே, தொண்ணூறு தாண்டினதும் மெஷின் தன்னைத்தானே காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். வேகம் குறைஞ்சா சூடு ஏறாது. அப்ப நூறை அது எப்படித் தொடும்? நீங்க வச்ச மணி எந்தக் காலத்துலயும் அடிக்காது. வோல்ட்டேஜுக்குக் கீழ் எல்லை?"

"பத்து."

"பத்தா? பதினொண்ணே முக்காலுக்குக் கீழ போனாலே கரண்ட் கொடுக்குற மின்பெட்டி மண்டையைப் போடப் போகுதுன்னு அர்த்தம். அது தளர்ந்திருக்கு, ஃபேன் மெதுவாச் சுத்தியிருக்கு, சூடு ஏறியிருக்கு. எல்லாம் வரிசையா உங்களக் கூப்பிட்டிருக்கும், நீங்க காதை அடைச்சு வச்சிருக்கீங்க."

"வேகம் கொறஞ்சா பேச்சு தாமதமா வரும், அவ்வளவுதானே மேடம்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரியும். தெரிந்ததை இன்னொருத்தர் வாயால் கேட்கும்வரை தள்ளிப்போடலாமே என்ற நப்பாசை.

"தாமதமா வராது. தாமதிக்கக் கூடாதுன்னுதானே அதுக்குக் கட்டளை? நேரத்துக்குள்ள முழுசாப் படிக்க முடியலைன்னா ஊகிச்சு நிரப்பிடும். இப்படி ஒரு ஆளு, இந்த மாதிரி நேரத்துல, பொதுவா என்ன சொல்லுவாரோ அதை. நல்ல வார்த்தையாப் பார்த்துத்தான் போடும். அப்படித்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம்." அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "தொண்ணூறு நாள். மூணு மாசமும் கேடயம் உங்களுக்குத்தானே வந்தது? நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இசக்கிராஜுக்குக் கேடயத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இவ்வளவுக்கும் அவன் சோம்பேறி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். எல்லாம் போன வருஷம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. அன்றைக்கு மட்டும் நாற்பத்துமூன்று பேரும் பட்டையைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். பேசும் ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு. மையத்தில் இசக்கிராஜ் பீரோவைத் திறந்து தூசி தட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தான். இயந்திரம் அன்று அழகாக இருந்தது, சுத்தமாக இருந்தது, குளுகுளுவென்று இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக 'இயல்பு நிலையைக் கற்றுக்கொள்' என்ற பொத்தானை அமுக்கினான். அதுதான் தப்பு. ஒருத்தரும் பேசாத நாளின் சூட்டை இயந்திரம் தன் இயல்பு என்று எடுத்துக்கொண்டது. நாற்பத்தெட்டு டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து என்று தானே எல்லை போட்டுக்கொண்டது.

மறுநாள் சனங்கள் பேச ஆரம்பித்தார்கள். மணியும் ஆரம்பித்தது. யாராவது வாயைத் திறந்தால் மணி. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு மணி. ஒரு நாளைக்கு முந்நூறு. முதல் வாரம் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து ஓடினான். இரண்டாம் வாரம் நடந்து போனான். மூன்றாம் வாரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அமுக்கினான். தை மாதம் தலைமையகத்திலிருந்து, உங்கள் மையத்தில்தான் எச்சரிக்கை அதிகம் என்று கடிதம் வந்தது. மானம் போயிற்று என்று நினைத்தவன், உட்கார்ந்து யோசித்துச் சரியான எல்லையைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, சூட்டுக்கு இருப்பதிலேயே பெரிய எண்ணையும் வோல்ட்டேஜுக்கு இருப்பதிலேயே சின்ன எண்ணையும் போட்டு மணியின் வாயை அடைத்தான். அன்று வந்த அமைதி இருக்கிறதே, அமிர்தம்.

சத்தம் போடுகிறதை வாயடைப்பது அவனுக்குப் புதிதும் இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவனுக்கு ஒரு அக்கா. சண்முகக்கனி. அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ரேஷன் கடையில் இருபத்திரண்டு வருஷம் எடை போட்டவள். அவள் குரலுக்குக் கடை வரிசை தானாக நேராகும். வீட்டில் அக்காளும் தம்பியும்தான். அவன் வேலையில் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்வாள். கேஸை அடைச்சியா, மழை வருது குடை இருக்கா, சாப்பிட்டியா, எடுக்க ஏம்ல இவ்வளவு நேரம். ஒரு நாள் சகிக்காமல் அவள் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்காதபடி வைத்தான். வைத்த இரண்டாவது மாதம், காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அவள் ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள். அவன் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் போனைப் பார்த்தான். அடுக்களையில் ஒருக்களித்துக் கிடந்தாள். நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

பட்டை போட்டபின் அவளுக்குப் பேச்சு வந்தது. ஆனால் அந்த ஆறு அழைப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தண்ணி, மாத்திரை, ஜன்னல் என்று வேலைப் பேச்சோடு ஒன்றரை வருஷம் ஓடியது.

இந்தச் சித்திரை மூன்றாம் தேதிதான் அது நடந்தது. முந்தின நாளிலிருந்தே அக்கா சாந்தமாக இருந்தாள். காபி நல்லா இருக்கு என்றாள். இதுதான் சமயம் என்று சாயங்காலம் அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான்.

"யக்கா, அன்னைக்கு உன் போனை நான்தான் அடைச்சு வச்சிருந்தேன். என்னை மன்னிச்சிருக்கா."

அவள் அவனையே பார்த்தாள். இடது கை மட்டும்தான் அவளுக்கு அசையும். அந்தக் கையை அவன் பக்கம் தூக்கினாள்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் தம்பி" என்றது அவள் குரல்.

அவன் உடைந்து அழுதான். அவள் திரும்பவும் பேசினாள். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே." மறுபடியும். "நீ நல்லா இருக்கணும்." மறுபடியும். "சாப்பிட்டியா தம்பி?" பேசப் பேச இடது கையால் அவன் தலையில் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆசீர்வாதம் என்று தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தான். பிறந்ததிலிருந்து அவனை அவள் 'தம்பி' என்று கூப்பிட்டதே இல்லை. ஏல என்பாள், கோபம் வந்தால் கோட்டிக்காரப் பயலே என்பாள். அன்றைக்குத் 'தம்பி' என்றதும் சொர்க்கமே கிடைத்துவிட்டதாக நினைத்தான்.

அதன்பிறகு இந்தத் தொண்ணூறு நாளும் விசில் அடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

ஹெப்சிபாவிடம் பேசி முடித்ததும் அவன் செய்த முதல் காரியம் அக்காவின் பதிவேட்டைத் திறந்ததுதான். பேசியவர் என்ன சொல்ல நினைத்தார் என்பதை இயந்திரம் சேமித்து வைக்காது, சட்டம் விடாது. எத்தனை வார்த்தை படித்தது, எத்தனை வார்த்தை ஊகித்தது என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். சித்திரை மூன்று, மாலை ஆறு பத்து. வார்த்தைகள் பன்னிரண்டு. ஊகம் பன்னிரண்டு.

அப்படியே மேஜையில் கவிழ்ந்துகொண்டான். பூரணத்திடம் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

புது மின்பெட்டி மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பொய் பேசுவதற்குப் பேசாமல் இருப்பதே மேல் என்று மையத்தையே நிறுத்தினான். நாற்பத்துமூன்று பேரும் ஊமையானார்கள். "வீடுகளுக்கு நான் லெட்டர் அனுப்பிடுறேன், தொழில்நுட்பக் கோளாறுன்னு" என்றாள் ஹெப்சிபா. அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து மறு நிமிஷமே வெட்கினான். "வேண்டாம் மேடம். நானே போய்ச் சொல்லுதேன்."

இரண்டு நாளில் நாற்பத்திரண்டு வீடு. சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சித்திரை ரெண்டுல இருந்து நேத்து வரைக்கும் இவுக பேசினதா நீங்க கேட்டது எதுவும் இவுக பேச்சு இல்ல. தப்பு என்மேலதான்." சொல்லும்போது பட்டைக்குச் சொந்தக்காரரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். பேச முடியாது, பார்ப்பார். அந்தப் பார்வையை எதிர்கொள்வதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

ஒரு வீட்டில் வாத்தியாரம்மா ஒருத்தர். வைகாசியில் அவர் சரி என்று சொன்னதாகச் சொல்லி அவருடைய பழைய வீட்டை இடித்துவிட்டு எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். புது வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழி வாசலுக்கு எதிரே கிடந்தது. மகன் குழியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், இசக்கிராஜைப் பார்த்தான். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வீட்டில், போய்ச் சேர்ந்த நண்பருக்கு இரங்கல் சொல்லப் போனவர் 'ரொம்ப சந்தோஷம்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் முகம் கொடுப்பதில்லையாம்.

இதெல்லாம் கூடத் தாங்கலாம். பதினேழாவது வீட்டில் மருமகன் அவனைத் தெருமுனைவரை கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. இந்த மூணு மாசம்தான் வீட்ல நிம்மதியா இருந்தோம். மாமா யாரையும் ஒரு சொல் சொல்லல. எங்களுக்கு மட்டும் அதை அப்படியே விட்டுர முடியுமா?" என்று கேட்டான்.

இசக்கிராஜுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அந்த மருமகன் கேட்டதைத்தான் அவனும் இரண்டு நாளாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் பட்டை ஒன்றுக்கு மட்டும் ஊகத்தை விட்டுவைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மறந்துட்டேன் தம்பி, சாப்பிட்டியா தம்பி. வாழ்நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

நாற்பத்திரண்டு வீட்டில் உண்மையைச் சொன்னவன் தன் வீட்டில் சொன்னானா என்றால், இல்லை. பட்டை ஏன் பேசவில்லை என்று அக்கா கண்ணால் கேட்டபோது, "மெஷின் ரிப்பேருக்கா, ரெண்டு நாள்ல வந்துரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். சோறு ஊட்டும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மின்பெட்டி வந்தது. மாட்டினான். காற்றாடிகளில் அப்பியிருந்த தூசியை ஊதினான். ஒன்றில் போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினான். அப்புறம் எல்லை. இந்தத் தடவை எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்த, தூசி சேராத பழைய நாட்களின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஹெப்சிபாவைப் போனில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் போட்டான்.

"வழக்கமா எவ்வளவுல ஓடிச்சு?"

"அறுபத்திரண்டு மேடம். கூட்டமாப் பேசினா அறுபத்தெட்டு."

"எழுபத்திரண்டுல சின்ன மணி. எண்பதுல பெரிய மணி. ஒரு நிமிஷம் விடாம இருந்தா மட்டும் அடிக்கட்டும், சும்மா எட்டிப் பார்த்துட்டு இறங்குறதுக்கெல்லாம் வேண்டாம். வோல்ட்டேஜ் பதினொண்ணே முக்கால். அப்புறம், கோடு ரொம்ப நேரம் அசையாம இருந்தா அதுக்கும் ஒரு மணி வைங்க."

"அதையும் கேக்கணும்னு நெனச்சேன்."

"அந்தக் கேடயம்..."

"பார்சல் பண்ணிட்டேன் மேடம்."

"அனுப்ப வேண்டாம். அதை இனிமே யாருக்கும் கொடுக்கப் போறதில்ல. என்ன பண்ணனும்னு எனக்கும் தெரியல" என்றாள் அவள்.

சரியாகப் பத்து மணிக்கு இயந்திரத்தை இயக்கினான். ஐந்து நிமிஷத்துக்குள் பூரணத்திடமிருந்து போன். அவள் போனைப் புருஷனுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். "சவத்து மூதி, கொழம்பா வச்ச? கடலை மோந்து ஊத்துனியா? மூணு மாசமா மனுசன் கெடந்து கத்துதேன், ஒரு நாய்க்காவது காது கேக்கா?" என்று சுடலைமணி பொரிந்துகொண்டிருந்தார். நடுவே பூரணம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இசக்கிராஜுக்குப் புரியவில்லை. "கேட்டீயளா சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தான். இரண்டு தெருவும் போதவில்லை, இன்னும் நாலு தெரு இருந்திருக்கலாம்.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான இடத்தில், கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான்.

"யக்கா, நான் பொய் சொன்னேன். மெஷின் ரெண்டு நாளாக் கெடல. மூணு மாசமாக் கெட்டுக் கெடந்திருக்கு. மணி அடிக்கக் கூடாதுன்னு நான்தான் அடைச்சு வச்சிருந்தேன். உன் போனை அடைச்ச மாரியே. சித்திரையில நீ என்கிட்ட சொன்னது எதுவும் உன் பேச்சு இல்லன்னு இப்பதான் தெரியும்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்ல" என்றாள் அக்கா.

மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிற, 'ஏல'வின் மிச்சமான அந்த 'ல'வில் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"'ஏல, என் வாயில வாரது என் பேச்சு இல்ல, மெஷினுக்கு என்னமோ ஆயிட்டு, போய்ப் பாரு'ன்னேன். நீ அழுத. திருப்பிச் சொன்னேன். அதுக்கும் அழுத. நாலு தடவ சொன்னேன்ல. ஊர்ல அந்த மெஷினைப் பாக்குத ஒரே ஆளு நீ. என் காலடியில உக்காந்திருக்க. உன்கிட்ட சொல்லாம நான் யாருகிட்ட சொல்ல? வாய் கேக்கலைன்னு கையால உன் மண்டையில அடிச்சேன். ஓங்கி ஓங்கி அடிச்சேன். நீ என்னன்னா குனிஞ்சு கும்பிடுத."

இசக்கிராஜ் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எந்த இடம் என்று இப்போதும் தெரிந்தது.

"அதுக்குப் பொறவும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். தெனமும். நீ காப்பியக் கொண்டாந்து வச்சுட்டு, விசில் அடிச்சுக்கிட்டே போயிருவ. ஒரு மாசம் கழிச்சு விட்டுட்டேன். யோசிக்கிறதையே விட்டுட்டேன்ல. எதுக்கு யோசிக்கணும், யாருக்குக் கேக்கப் போவுது?"

அவனுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. கடைசியில், கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டான்.

"அப்ப... அந்தப் போன் விசயம்? அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேனேக்கா."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பட்டையின் விளக்கு இரண்டு தடவை மின்னி மின்னி அடங்கியது. எதையோ சொல்ல எடுத்து வேண்டாம் என்று விட்டாள் போல.

"அது எனக்கு இன்னும் வரல" என்றாள். "வந்தா, என் வாயால சொல்லுதேன். வராமலும் போகும். நீ அதை எதிர்பாத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்காத."

அப்போது அவன் சட்டைப் பையில் இருந்த போனில் இயந்திரத்தின் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தான். எழுபத்துமூன்று டிகிரி, ஒரு நிமிஷத்துக்கு மேல். கோளாறு ஒன்றும் இல்லை. நாற்பத்துமூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் தொண்டைக்குள் கிடந்ததையெல்லாம் வீட்டுக்கு வீடு கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரம் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பேச்சைச் சுமந்ததில்லை. கட்டைவிரல் பழக்கத்தில் மணியை அமுக்கப் போனது. அதை இழுத்துக்கொண்டான்.

அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "என்னத்தப் பாக்க? ஏல, போ. போய் என்னன்னு பாரு."

ஓடினான். பீரோவின் பின்கதவைத் திறந்துவிட்டு, வரவேற்பறையில் இருந்த பெரிய மின்விசிறியை இழுத்துக்கொண்டுவந்து பின்னால் நிறுத்தினான். எழுபத்துநான்கு. ஜன்னலைத் திறந்தான். எழுபத்துநான்கு. யாருடைய பேச்சையும் குறைக்காமல், ஊகம் ஒரு வார்த்தைகூட விழாமல் பார்த்துக்கொண்டு, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் கழித்து எழுபத்தொன்று. மணி தானாக நின்றது. கோடு ஏறியும் இறங்கியும் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவனுக்கு வெட்கத்தோடு வெட்கமாகக் கொஞ்சம் மூச்சும் வந்தது.

மறுபடி மணி. இந்தத் தடவை இயந்திரத்தின் மணி இல்லை, போன் அழைப்பு. அக்காவின் எண். இரண்டு வருஷத்துக்கு முன்பு வாயடைத்த அந்த எண்ணை அவன் எப்போது திறந்துவிட்டான்? ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாம் முடிந்த பிறகு. அதற்கப்புறம் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

முதல் மணி முடிவதற்குள் எடுத்தான். "யக்கா? என்னாச்சுக்கா? என்ன செய்யுது?"

கேட்டபடியே வாசலுக்கு ஓடினான்.

"ஒண்ணுமில்லல" என்றாள் அக்கா. "எடுக்கியான்னு பாத்தேன்."